வாங்க என்று சொல்பவர் யார்? பூங்காச் சிலைகளும் வரவேற்பின் உரிமையும்

கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் நகரத்தை ஒட்டிய ஸ்டேன்லி பூங்காவில் லார்ட் ஸ்டேன்லியின் வெண்கலச் சிலை ஒன்று இருக்கிறது. இரண்டு கைகளையும் விரித்து, வருகிறவர் எல்லோரையும் அணைத்துக்கொள்ளப் போவதுபோல நிற்கிறார். 1889இல் கவர்னர் ஜெனரலாக இங்கே வந்தவர், எல்லா நிறத்தாரும் எல்லா மதத்தாரும் எல்லா வழக்கத்தாரும் என்றென்றும் அனுபவிக்கட்டும் என்று சொல்லி இந்த நிலத்துக்குத் தன் பெயரைச் சூட்டினார் என்பது பீடத்தில் உள்ள செய்தி. சிலை வைக்கப்பட்டது 1960இல்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1958இல், அந்தப் பூங்காவுக்குள் வீடு வைத்திருந்த கடைசிப் பூர்வகுடிக் குடும்பத்தின் கடைசி மனிதர் இறந்துபோனார். பிராக்டன் முனை எனப்படும் கிழக்கு மூலையில் பல தலைமுறைகளாகக் குடியிருந்த குடும்பங்களின் மீது நகராட்சி 1923இல் வழக்குப் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது, நகராட்சி வென்றது. 1931இல் வீடுகள் காலி செய்யப்பட்டன. ஒரு குடும்பத்தாரை மட்டும் சாகும்வரை இருக்க விட்டார்கள். எல்லா நிறத்தாருக்கும் இடம் உண்டு என்று கை விரிக்கும் சிலை, இருந்தவர்களெல்லாம் போன பிறகு வந்து சேர்ந்தது.

உலகம் முழுவதும் நகராட்சிகள் பூங்காக்களில் வரவேற்புச் சிலைகளை வைத்துக்கொண்டே இருக்கின்றன. பல இனத்தவர் கூடி வாழும் ஊர் இது என்று சொல்வதற்கு ஒரு சிற்பம். அதில் உள்ளூர்ப் பறவை, மீன், இலை என்று இயற்கை அடையாளம் கொஞ்சம். பெரும்பாலானவற்றைப் பார்த்த அரைமணியில் மறந்துவிடலாம். சில மட்டும் நிற்கின்றன. எது நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று தேடினால் சிற்பியின் கைத்திறனைவிட வேறொரு கேள்விதான் முன்னால் வருகிறது: அந்தச் சிலையில் வரவேற்பவர் யார்? அவருக்கு அந்த வாசல் சொந்தமா? இதைச் சோதித்துப் பார்க்க ஸ்டேன்லி பூங்காவைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஏறத்தாழ 400 ஹெக்டேர் பரப்புள்ள ஒரே பூங்காவில், நூறு ஆண்டுகளில் செய்யப்பட்ட தவறுகளும் திருத்தங்களும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன.

பூங்கா 1888இல் திறக்கப்பட்டது. அன்று அது ஆளற்ற காடாக இருந்ததாகச் சுற்றுலாப் புத்தகங்கள் நீண்ட காலம் எழுதிவந்தன. உண்மையில் மஸ்குவியம், ஸ்குவாமிஷ், சுலேல்-வாட்டுத் என்ற மூன்று பூர்வகுடி மக்களின் நிலம் அது. இம்மூவரும் கோஸ்ட் சேலிஷ் என்ற பெரிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். பூங்காவின் வடகிழக்குக் கரையில் ஹ்வாய்ஹ்வாய் என்ற பெரிய ஊர் இருந்தது. பல நூற்றாண்டுகளாக அந்த ஊரார் சாப்பிட்டுப் போட்ட சிப்பி ஓடுகள் மேடாகக் குவிந்திருந்தன. பூங்காவைச் சுற்றிச் சாலை போட்டபோது அந்த மேட்டை வெட்டி எடுத்துச் சாலைக்குப் பரப்பினார்கள். நில அளவைக்காரர்கள் வந்து வீட்டின் மூலையை வெட்டியபோது தாங்கள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்ததை, அப்போது சிறுவனாக இருந்த ஆகஸ்ட் ஜாக் காட்சலானோ முதுமையில் நகர ஆவணக் காப்பாளரிடம் சொல்லிப் பதிவாகியிருக்கிறது. இன்று வான்கூவரின் பிரபலமான கடற்கரைப் பகுதியான கிட்சிலானோ, அவருடைய தாத்தாவின் பெயரைத்தான் திரித்து வைத்துக்கொண்டிருக்கிறது.

மனிதரை அப்புறப்படுத்திவிட்டு அவர்களின் அடையாளத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் ஆசை அடுத்து வந்தது. 1920களில் நகரத்தின் கலை, வரலாற்றுச் சங்கம் ஒன்று பூங்காவில் ஒரு செவ்விந்தியர் கிராமத்தை மாதிரியாக அமைக்க விரும்பி, டோட்டம் கம்பங்களை வாங்கத் தொடங்கியது. குலக்குறி விலங்குகளையும் மூதாதையரையும் அடுக்கடுக்காகச் செதுக்கிய அந்தக் கம்பங்கள் வந்தது வடக்கே உள்ள அலர்ட் பே என்ற ஊரிலிருந்து. அவற்றைச் செதுக்கியவர்கள் குவாக்குவாக்கவாக்கு மக்கள். பின்னர் ஹைடா மக்களின் கம்பங்களும் சேர்ந்தன. வான்கூவர் நிலத்துக்குரிய சேலிஷ் மக்களிடம் இப்படித் தனியே நிற்கும் உயரமான கம்பம் செதுக்கும் மரபே கிடையாது. அவர்கள் செதுக்கியவை வீட்டைத் தாங்கும் உள்தூண்களும், கரையில் நின்று வருவோரை எதிர்கொள்ளும் மனித உருவங்களும். தஞ்சாவூர்க்காரர் வீட்டு வாசலில் காஷ்மீர்க்காரரின் பெயர்ப்பலகையை மாட்டிவைத்து, வருகிறவர்களிடம் இதுதான் இந்த வீட்டின் முகவரி என்று காட்டிய கதை இது. தங்கள் நிலத்தில் வடக்கத்தி மக்களின் கிராமமா என்று ஸ்குவாமிஷ் மக்கள் அப்போதே எதிர்த்தார்கள். கிராமத் திட்டம் கைவிடப்பட்டது, கம்பங்கள் நின்றுவிட்டன.

இன்னொரு கணக்கும் இதில் உண்டு. ஒரு குடும்பம் கம்பம் நாட்டுவதென்றால் பாட்லாட்ச் என்ற பெருவிருந்து நடத்தி, ஊரைக் கூட்டி, கொடையளித்து, சாட்சிகளின் முன் அந்தக் கம்பத்தின் கதைக்குத் தங்களுக்குள்ள உரிமையை அறிவிக்க வேண்டும். அந்த விருந்தைக் கனடா அரசு 1885இலிருந்து 1951 வரை சட்டப்படி தடை செய்திருந்தது. அதாவது, கம்பத்துக்கு உயிர் கொடுக்கும் சடங்கு குற்றமாக இருந்த காலத்தில்தான் கம்பம் மட்டும் பூங்கா அலங்காரமாயிற்று. 1962இல் அவை இப்போதுள்ள பிராக்டன் முனைக்கு மாற்றப்பட்டன, அதே குடும்பங்கள் வெளியேற்றப்பட்ட அதே முனைக்கு. பழைய மூலக் கம்பங்கள் பிறகு அருங்காட்சியகங்களுக்குப் போய், பெரும்பாலும் மாற்றுக் கம்பங்கள் நிற்கின்றன. அவற்றைச் செதுக்கியவர்கள் பெரிய கலைஞர்கள். ஹைடா மரபுக்கு மறுவாழ்வு தந்த பில் ரீட் 1960களில் செதுக்கிய கம்பமும் அவற்றில் ஒன்று. கலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பல பத்தாண்டுகளாக அவர்களில் பெரும்பாலோர், தாம் நிற்பது யாருடைய நிலம் என்பதைத் தவறாகக் கற்றுக்கொண்டு போனார்கள்.

இதை எப்படிச் சரிசெய்வது? கம்பங்களைப் பிடுங்கி எறிவது வடக்கு மக்களுக்கு இன்னோர் அவமதிப்பு. 2008இல் மஸ்குவியம் சிற்பி சூசன் பாயிண்ட் செய்தது எளிய, கூர்மையான ஒன்று: மூன்று வாசல்கள். சிவப்பு சீடர் மரத்தில், சேலிஷ் மக்களின் பழைய நீள்வீடுகளின் தூணும் உத்தரமும் கொண்ட அமைப்பில் எழுப்பப்பட்டவை. கம்பங்களை நோக்கிப் போகிற பாதைகளில் அவை நிற்கின்றன. கம்பத்தைப் பார்க்க வேண்டுமானால் முதலில் இந்த வீட்டுக்காரரின் வாசலைக் கடக்க வேண்டும். வடக்கத்திக் கம்பங்கள் இப்போது விருந்தாளிகளாகிவிட்டன. வரவேற்பவர் உரிய இடத்துக்குத் திரும்பிவிட்டார். ஒன்றையும் இடிக்காமல், யாரையும் திட்டாமல், நடக்கும் பாதையின் வரிசையை மட்டும் மாற்றி ஒரு நூற்றாண்டுப் பிழையைத் திருத்திய இந்த யோசனையை நினைக்க நினைக்க வியப்பாக இருக்கிறது.

சீடர் மரத்தைத் தேர்ந்ததிலும் பொருள் உண்டு. இந்தக் கரை மக்களுக்கு அந்த மரம்தான் படகு, வீடு, பெட்டி. பட்டையை உரித்து நாராக்கிக் கயிறும் கூடையும் மழைக்கான உடையும் செய்தார்கள். எளிதில் உளுத்துப் போகாத எண்ணெய்ச் சத்து அதில் இருக்கிறது. ஆகவே அந்த வாசலில் இயற்கை என்பது மேலே ஒட்டிய சித்திரம் இல்லை, வாசலே அந்தக் காட்டின் உடம்பு. பூங்காச் சிற்பங்களில் உள்ளூர் இயற்கை எப்போது அலங்காரமாகத் தேய்கிறது, எப்போது பேசுகிறது என்பதற்கு இதை அளவுகோலாகக் கொள்ளலாம். சால்மன் மீனை ஒரு பெஞ்சின் முதுகில் பொறிப்பது யாராலும் முடியும். அந்த மீனைப் பிடித்து, உலர்த்தி, பகிர்ந்து தின்று வாழ்ந்தவரின் அறிவு சிற்பத்துக்குள் வரவேண்டுமானால் அந்த அறிவுள்ளவரிடம் உளியைக் கொடுக்க வேண்டும்.

வாசல்களிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது ‘கரையிலிருந்து கரைக்கு’ என்ற வெண்கலச் சிற்பம். 2015 ஏப்ரலில் திறக்கப்பட்டது. செய்தவர் லூக் மார்ஸ்டன், வான்கூவர் தீவைச் சேர்ந்த ஸ்ட்சுமினஸ் சேலிஷ் சிற்பி. பல்பண்பாட்டு வரவேற்பு என்று சொல்லிக்கொள்ளும் சிற்பங்களில் எனக்கு மிகவும் நம்பகமாகப் படுவது இதுதான். காரணம், இதில் விருந்தாளியும் வீட்டுக்காரரும் ஒரே குடும்பம்.

போர்ச்சுகலுக்குச் சொந்தமான அசோர்ஸ் தீவுக் கூட்டத்தில் பிகோ என்ற எரிமலைத் தீவு இருக்கிறது. அங்கே பிறந்த ஒருவர் திமிங்கல வேட்டைக் கப்பலில் ஏறி உலகம் சுற்றி, பிரேசர் ஆற்றில் தங்கம் கிடைக்கிறது என்ற செய்தி பரவிய காலத்தில் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார். ஊரார் வைத்த பெயர் போர்ச்சுகீஸ் ஜோ சில்வி. கபிலானோ என்ற பூர்வகுடித் தலைவரின் பேத்தி கால்ட்டினாட்டை மணந்தார். வான்கூவர் நகரம் முளைத்த காஸ்டவுனில் மதுக்கடை நடத்தினார், பிராக்டன் முனையில் குடியிருந்தார், மீன் பிடித்தார். கால்ட்டினாட் இளம் வயதில் இறந்த பிறகு சீஷெல்ட் மக்களைச் சேர்ந்த குவாட்லீமாட்டை மணந்தார். நம் கரைவலைபோல மீன் கூட்டத்தை வளைத்து இழுக்கும் வலைத் தொழிலுக்கு அந்த மாகாணத்தில் முதலில் உரிமம் பெற்றவர் என்று அவரைச் சொல்வார்கள். 1902இல் இறந்தார். லூக் மார்ஸ்டன் அவருக்கும் குவாட்லீமாட்டுக்கும் வந்த வழித்தோன்றல்.

சிற்பத்தில் மூவரும் இருக்கிறார்கள்: சில்வி, கால்ட்டினாட், குவாட்லீமாட். நாலரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரம். மொத்த வடிவத்தை ஒரு மீன்பிடிக் கருவியிலிருந்து எடுத்திருக்கிறார் மார்ஸ்டன். லிங்காட் என்ற, கடலடியில் வாழும் மீனைப் பிடிக்க சேலிஷ் மக்கள் பயன்படுத்திய பொய்யிரை அது. இறக்கைபோல் துடுப்புகள் பொருத்திய சிறிய மரத்துண்டை நீண்ட கழியின் முனையில் கோத்து ஆழத்துக்குள் செலுத்துவார்கள். அங்கே கழியிலிருந்து விடுவித்ததும் மரம் மிதக்கும் குணத்தால் சுழன்று சுழன்று மேலே வரும். அடிபட்ட குஞ்சு மீன் தத்தளிக்கிறது என்று ஏமாந்து லிங்காட் அதைத் துரத்தி மேலேறும். தண்ணீர் மட்டத்தில் ஈட்டியோடு மீனவர் காத்திருப்பார். மரத்தின் மிதப்பு, நீரோட்டம், மீனின் பசி, மனிதரின் பொறுமை எல்லாம் கைக்குள் அடங்கும் ஒரு கருவியில் சேர்ந்திருக்கின்றன. உள்ளூர் இயற்கையைச் சிற்பமாக்குவது என்றால் இதைத்தான் சொல்வேன். மீனைக் காட்டாமலே மீனும் கடலும் அதில் இருக்கின்றன. முதலில் சீடர் மரத்தில் செதுக்கி, பிறகு வெண்கலத்தில் வார்த்திருக்கிறார்கள். சுற்றிலும் தரையில் போர்ச்சுகலிலிருந்து வந்த கறுப்பு வெள்ளைக் கற்களைக் கொண்டு அந்த நாட்டுத் தெருக்களில் காணும் பாணியில் பதித்திருக்கிறார்கள். விருந்தாளியின் மண் காலடியில், வீட்டுக்காரரின் கருவி நடுவில்.

இது இனிமையான கலப்புக் கதை, அதனால் எச்சரிக்கையாகப் பார்க்க வேண்டும் என்பவர்கள் உண்டு. எத்தனையோ வெள்ளை வியாபாரிகள் பூர்வகுடிப் பெண்களோடு வாழ்ந்துவிட்டு, ஐரோப்பியப் பெண்கள் கப்பலேறி வந்ததும் கைகழுவிய காலம் அது. சில்வி விதிவிலக்கு. விதிவிலக்கை வெண்கலத்தில் வார்த்தால் விதி மறைந்துவிடாதா? நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே அந்தக் கதையைச் சொல்லத் தேர்ந்தது நகராட்சியின் விளம்பரப் பிரிவு இல்லை, அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளை. தன் பாட்டி எந்தக் கதையில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை அவருக்கு உண்டு. தவிர, அருகிலேயே 2009இல் ஸ்குவாமிஷ் சிற்பி ராபர்ட் யெல்டன் தன் தாயார் ரோஸ் கோல் யெல்டனின் நினைவாக நாட்டிய கம்பமும் நிற்கிறது. பிராக்டன் முனையில் வாழ்ந்து வெளியேற்றப்பட்டவர்களில் கடைசிவரை உயிரோடிருந்த சிலரில் ரோஸ் ஒருவர். ஆக, இனிப்பும் கசப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

வேறு ஊர்களில் இதே கேள்வி வேறு உருவம் எடுத்திருக்கிறது. அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் மிடில்டன் என்ற சிற்றூரின் பெய்லிக் பூங்காவில் ஒன்பது கழுகு இறகுகள் வட்டமாக நிற்கின்றன. துருப்பிடிக்காத எஃகில் ஆறு மீட்டருக்கும் மேல் உயரம், ஒவ்வோர் இறகும் ஒவ்வொரு விதம், சேர்ந்து பார்த்தால் உணவில்லாத கிண்ணத்தின் வடிவம். செய்தவர் அலெக்ஸ் பென்டெக். உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்து செத்துக்கொண்டிருந்த 1847இல், அமெரிக்காவின் சாக்டா பூர்வகுடி மக்கள் 170 டாலர் திரட்டி அனுப்பினார்கள். சொந்த நிலத்திலிருந்து விரட்டப்பட்டு வழிநெடுக ஆயிரக்கணக்கில் செத்துவிழுந்து பதினாறு ஆண்டுகள்கூட முழுதாக ஆகாத மக்கள் அவர்கள். 2017இல் சாக்டா தலைவர் நேரில் வந்து சிற்பத்தை அர்ப்பணித்தார். இங்கே உள்ளூர்ப் பறவை இல்லை. இருப்பது விருந்தாளியின் பறவை. வேறு இடமாக இருந்தால் குறை என்பேன். ஆனால் இது நன்றிச் சிற்பம். நன்றி சொல்லும்போது எதிரில் இருப்பவரின் மொழியில் பேசுவதுதான் மரியாதை. 2020இல் பெருந்தொற்று நவஹோ, ஹோப்பி மக்களைத் தாக்கியபோது அயர்லாந்துக்காரர்கள் பலர் அந்த 170 டாலரைக் குறிப்பிட்டே பணம் அனுப்பினார்கள்.

சிட்னியில் கதை இவ்வளவு சுமுகமாக இல்லை. 1788இல் பிரிட்டிஷ் கவர்னரின் முதல் மாளிகை எழுந்த இடத்தில், சிட்னி அருங்காட்சியகத்தின் முற்றத்தில், 1995இல் ஜேனட் லாரன்ஸும் பட்ஜலா மக்களைச் சேர்ந்த ஃபியோனா ஃபோலியும் 29 தூண்களை நாட்டினார்கள். மணற்கல், மரம், எஃகு. அப்பகுதியின் 29 பூர்வகுடிக் குழுக்களைச் சுட்டும் எண்ணிக்கை. செடிகளின் பெயர்கள் லத்தீனிலும் பூர்வகுடி மொழியிலும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சாம்பல், எலும்பு, சிப்பி, தேன், மயிர் தூண்களுக்குள் வைக்கப்பட்டிருக்கின்றன. நடுவே நடந்தால் இடப்பெயர்களைச் சொல்லும் குரல்கள் கேட்கும். ‘மரங்களின் ஓரம்’ என்று தலைப்பு. கப்பல் வந்தபோது மர ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களின் பார்வை அது. அவர்கள் வரவேற்கவில்லை, விரட்டவுமில்லை. யார் இவர்கள் என்று கவனித்தார்கள். வரவேற்பாக முடியாமல் போன ஒரு கணத்தை அப்படியே நிறுத்திவைத்ததால்தான் அதற்கு இத்தனை கனம். 2022இல் துறைமுகத்தைப் பார்த்த புல்வெளியில் ஜூடி வாட்சன் எழுப்பிய ‘பாரா’ வெண்பளிங்கில் செய்த பெரிய தூண்டில் முள். காடிகல் பெண்கள் சிப்பியைத் தேய்த்துச் செய்த பிறை வடிவ முள்ளின் உருவம். வாட்சன் வேறு பகுதியின் வானி மக்களைச் சேர்ந்தவர். காடிகல் மூத்தோருடன் கலந்தே செய்தார். செதுக்குபவர் உள்ளூர்க்காரராகவே இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்காததற்கு இதுவே காரணம். கேட்டுச் செய்தால் போதும்.

மெல்பர்னில் யாரா ஆற்றங்கரைப் பூங்காவான பிரராங் மாரில் 2006இல் மூன்று பூர்வகுடிப் பெண் கலைஞர்கள் அமைத்த சிற்பத் தொகுப்பு, விலாங்கு மீனாக நெளியும் ஒரு பாதையையும் குலின் மக்களின் ஐந்து பிரிவுகளுக்கான கேடயங்களையும் கொண்டது. விலாங்கு அந்த ஆற்றில் வளர்ந்து, முட்டையிட ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் பவளக் கடலுக்குப் போவது. அதன் குஞ்சுகள் திரும்பி வருகின்றன. வந்துபோகிறவர்களின் நகரத்துக்கு இதைவிட நல்ல உள்ளூர்ச் சாட்சி வேண்டுமா? பெரும்பாலானவர்கள் சைக்கிளில் அதன் முதுகின் மீதே போய்விடுகிறார்கள் என்பது வேறு.

இவை அத்தனையும் கண்துடைப்பு என்று சொல்லும் குரல் வலுவானது, அதைத் தள்ளிவிட முடியாது. வான்கூவர் நகரமன்றம் 2014இல், இந்த நகரம் ஒப்பந்தம் எதுவுமின்றி, விட்டுக்கொடுக்கப்படாத நிலத்தின் மீது நிற்கிறது என்று முறைப்படி ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டால் நிலத்தைத் திருப்பித் தர வேண்டாமா, வாசல் கட்ட அனுமதி கொடுத்தால் முடிந்ததா? முடியவில்லைதான். வாசலும் கம்பமும் நிலப் பத்திரத்துக்கு ஈடாகாது. இயற்கையைப் பற்றியும் அதே முரண். பூங்காவில் சீடரையும் சால்மனையும் சிற்பமாகக் கொண்டாடும் அதே காலத்தில் காடு நலிந்திருக்கிறது. 2006 டிசம்பர் புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அண்மையில் ஹெம்லாக் மரங்களை மொட்டையடிக்கும் ஒருவகைப் புழுவால் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் பட்டுப்போயின. சிற்பம் இதற்கெல்லாம் மருந்தில்லை. ஆனாலும் அதனால் செய்ய முடிந்த ஒன்று உண்டு: யாரிடம் கேட்க வேண்டும் என்பதைக் கண்முன் நிறுத்துவது. சேலிஷ் மரபில் வெளியூர்ப் படகு வந்தால் கரையேறிவிடாது. தண்ணீரிலேயே நின்று, தாங்கள் யார், எங்கிருந்து வருகிறோம் என்று சொல்லி, இறங்க அனுமதி கேட்கும். கரையில் இருப்பவர் வாங்க என்ற பிறகே இறங்குவார்கள். இன்றும் ஆண்டுதோறும் நடக்கும் படகுப் பயணங்களில் இந்த முறை கடைப்பிடிக்கப்படுகிறது.

வான்கூவர் கரையின் அதே நீர்ப்பரப்பில் 1914 மே மாதம் கோமகட்டா மாரு என்ற கப்பல் வந்து நின்றது. 376 பயணிகள், பெரும்பாலும் பஞ்சாபிச் சீக்கியர்கள். இரண்டு மாதம் தண்ணீரிலேயே காத்திருந்தார்கள். ஒருசிலரைத் தவிர மற்றவர்களை இறங்க விடாமல் திருப்பி அனுப்பினார்கள் குடியேற்ற அதிகாரிகள். ஸ்டேன்லி பூங்கா அங்கிருந்து பார்த்தால் தெரியும். எல்லா நிறத்தாருக்கும் என்று பெயர்சூட்டப்பட்டு அப்போது கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. அவர்களுக்கான நினைவுச்சின்னம் 2012இல் கோல் ஹார்பர் கரைப் பூங்காவில் வைக்கப்பட்டது. 2016இல் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

நமக்கு நெருக்கமான கப்பலும் ஒன்று இருக்கிறது. 2010 ஆகஸ்டில் 492 ஈழத் தமிழர்களோடு எம்.வி. சன் சீ இதே மாகாணத்தின் எஸ்குவைமால்ட் கடற்படைத் துறைக்கு இட்டுவரப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்படப் பலர் தடுப்புக் காவலில் மாதக்கணக்கில் வைக்கப்பட்டார்கள். அந்தத் துறையும் சேலிஷ் நிலம்தான், சாங்கீஸ், எஸ்குவைமால்ட் மக்களுடையது. இறங்கலாமா கூடாதா என்று ஒட்டாவா முடிவெடுத்தது. மாறாக, 1986இல் கிழக்குக் கரையில் நியூஃபவுண்ட்லாந்துக்கு வெளியே உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை முதலில் ஏற்றிக்கொண்டவர்கள் உள்ளூர் மீனவர்கள். அவர்கள் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. எஸ்குவைமால்ட் கரையில் என்றாவது ஒரு சிற்பம் எழுமானால், அதன் வடிவத்தைக் கப்பலில் வந்தவர்களிடம் கேட்டு மட்டும் முடிவு செய்ய முடியாது. கரையில் இருந்தும் கேட்கப்படாத அந்த இரண்டு மக்களிடமும் போய்க் கேட்க வேண்டியிருக்கும்.